நிலவறையின் குறுக்குச் சுவர்

1946 ஜனவரி 6, ஞாயிறு

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். என் தம்பி நல்லுசாமி நிலவறையில் எழுப்பும் குறுக்குச் சுவர் பேசிய கோட்டில் இல்லை. நிலவறையின் நடுவில் இரண்டு கல்தூண்கள் இருக்கின்றன. தூணிலிருந்து தூணுக்குச் சுவர் போக வேண்டும், தூண் இருவருக்கும் பொது. போன ஆவணியில் வீட்டைப் பாகம் பிரித்தபோது ஊரார் ஐந்து பேர் முன்னால் இப்படித்தான் முடிவானது. வாலிகண்டபுரத்தில் மைத்துனர் கருமாதிக்குப் போய்விட்டு இன்று வந்து பார்க்கிறேன். தூண்களை விட்டு விலகி, என் பாகத்துக்குள் ஒரு முழம் தள்ளி மரச்சட்டம் நட்டிருக்கிறது. இரண்டு தூணும் அவன் பக்கம் போய்விட்டன.

பெரம்பலூரில் கரியில் ஓடும் பஸ் வழியில் நின்றுபோய் அரை நாள் வீணானது. அந்த அரை நாள் முன்னால் வந்திருந்தால் சட்டம் நடும்போதே தடுத்திருப்பேன்.

அந்த நிலவறையைத் தோண்டியவர்கள் அப்பாவும் நானும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கீழே சுண்ணாம்புப் பாறை. கடப்பாரை நாளுக்கு இரண்டு முறை மழுங்கும். நல்லுசாமிக்கு எட்டு வயது. மேலே நின்றுகொண்டு மண் கூடையை எண்ணிக்கொண்டிருந்தான். தூண் இன்று அவனுடையதாம்.

ஜனவரி 7, திங்கள்

வேலை செய்கிறவன் ராசாங்கம், வரதராஜன்பேட்டை ஆசாரி. நல்ல வேலைக்காரன், அதை மறுக்க மாட்டேன். யார் சொல்லி இங்கே நட்டாய் என்று கேட்டேன். சின்னவர் காட்டிய இடத்தில் நட்டேன் என்றான். தூண்கள் முண்டும் முடிச்சுமாக இருக்கின்றனவாம், சட்டம் ஒட்டாதாம், ஒட்டாத இடத்தில் எலி புகுந்துவிடுமாம். காரணம் வைத்திருக்கிறான். எல்லோருமே காரணம் வைத்திருக்கிறார்கள்.

நல்லுசாமி படியில் நின்றபடி சொன்னான்: "ஒரு மொழத்துல என்னண்ணே வந்துடப்போவுது? ஒங்க சோளம் நிக்க எடமில்லாம தெருவுல நிக்கப்போவுதா?"

"மொழம் இல்லடா. தூணு" என்றேன்.

"தூண வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என் மரியாதைக்குக் குறைவு. இந்தச் சுவர் கோட்டுக்கு நகரும்வரை உன் வாசலை மிதிக்க மாட்டேன், உன்னோடு பேசவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

ஜனவரி 9

பேசவில்லை.

ஜனவரி 14, பொங்கல்

ஒரே வாசலில் இரண்டு பானை. அவர்கள் பானை முதலில் பொங்கியது. என் பெண்டாட்டி ஜானகி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பில் இரண்டு விறகை அதிகம் திணித்தாள். அம்மா இருந்திருந்தால் இது நடக்குமா? அம்மா போன பதினாறாம் நாளே பாகம் கேட்டவன் அவன்.

ஜனவரி 16, புதன்

இன்று முழுக்க என் பக்கம் உட்கார்ந்து ராசாங்கத்தின் வேலையைப் பார்த்தேன். கோடு தவறினாலும் வேலை வேலைதான். தரையில் தட்டைக் கல் பரப்பி அதன்மேல் அடிச்சட்டம் போட்டிருக்கிறான். ஈரம் ஏறி மரம் உளுத்துப்போகாமலிருக்க அப்படியாம். இரண்டு முழத்துக்கு ஒரு கால் நிறுத்தியிருக்கிறான். காலின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி மேல்சட்டத்தின் துளையில் இறக்கி, மூங்கில் ஆப்பு அடிக்கிறான். ஆணி கிடையாது. ஆணிக்கு அரியலூரில் கடை கடையாக அலைந்தும் கிடைக்கவில்லையாம். உலகச் சண்டை முடிந்தும் இரும்பு இன்னும் வரவில்லை. சிமெண்டுக்குப் பர்மிட் கேட்டால் சிரிக்கிறார்கள். அதனால் மரச்சட்டமும் மண்ணும்.

கால்களின் குறுக்கே நாலு விரலுக்கு ஒன்றாக, பனையைப் பிளந்த வரிச்சுகளை வைத்துக் கற்றாழை நாரால் கட்டுகிறான். வரிச்சின்மேல் வைக்கோல் நறுக்கிப் பிசைந்த மண்ணை இரண்டு பக்கமும் அப்புவது. அவ்வளவுதான் சுவர். மூன்று நாள் பார்த்தால் எவனும் செய்துவிடலாம். எழுத்தையும் நான் இப்படித்தான் பிடித்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை. கடையில் சாமான் மடித்துக் கொடுத்த காகிதங்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக யாரிடமும் கேட்காமல் படித்தேன். எவனுக்கும் அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 19, சனி

சுவர் முடிந்தது. படிக்கட்டு அவன் பக்கம் போய்விட்டது. மாட்டுக்கொட்டில் பார்த்த காற்றுத் துளை, நிலவறைக்கு இருக்கிற ஒரே துளை, அதுவும் அவன் பக்கம். எனக்கோ, மேலே சாமான் அறையின் தரைப்பலகையில் நான்கை அறுத்து ஒரு மூடியும் கீழே இறங்க ஏணியும். பெருச்சாளிக்கு வழி வைப்பதுபோல வைத்திருக்கிறார்கள்.

மேல்சட்டத்துக்கும் கூரை உத்திரத்துக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்கு, சுவர் நெடுகிலும், மண் அப்பாமல் விட்டிருக்கிறான் ராசாங்கம். அது என்ன என்றேன்.

"அது காத்து போக வர வாய்ங்க. ஒங்க பக்கம் தொளை இல்ல பாருங்க. தானியம் மூச்சு வுடும், அந்த மூச்சு போவ வழி வேணும். எதச் செஞ்சாலும் இத மட்டும் அடைச்சுடாதீங்க."

சரி என்றேன். சொன்னேன், ஆமாம். மறைக்கவில்லை.

ஜனவரி 22, செவ்வாய்

செல்லமுத்துவைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். இருபது வருஷமாக இந்த வீட்டுப் பண்ணையாள். பாகம் பிரித்தபோது மாடு, வண்டி, அண்டா, உரல் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டோம். அவனை எழுத மறந்துவிட்டோம். இப்போது காலையில் அவர்களுக்கு, உச்சிக்கு மேல் எனக்கு. இன்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு வூட்டுலயும் அரை ஆளுங்க ஆண்டே. ஆனா ரெண்டு வூட்டுலயும் முழு வசவு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மாதத்தில் முதல் முறை.

நிலவறையைத் திறந்தால் யார் இறங்குவதற்கு முன்னாலும் விளக்கை இறக்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். படித்தலையில் நின்று அகல்விளக்கைக் கயிற்றில் கட்டிக் கீழே விடுவது. ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் கீழே கெட்ட காற்று, அன்று நிலவறை இல்லை. இருபது வருஷமாக அந்தக் கயிறு செல்லமுத்து கையில்தான்.

பிப்ரவரி 3, ஞாயிறு

சுவர் இருந்தும் இல்லாதது மாதிரிதான். அந்த ஒரு சாண் வாய் வழியாக அவர்கள் பேசுவதெல்லாம் என் பக்கம் கேட்கிறது. கடலை மூட்டையை உதறிய தூசி முழுக்க என் பக்கம் வந்து படிகிறது. இன்று நான் கீழே தானியக் குதிர்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நல்லுசாமி பெண்டாட்டி ஜெயலட்சுமி அந்தப் பக்கம் யாரிடமோ சொல்கிறாள்: "பெரியவருக்குத் தூணு மேலதான் உசுரு. வுட்டா வேட்டி கட்டிச் சந்தனம் பூசிடுவாரு." சிரிப்பு. நல்லுசாமியின் சிரிப்பும் அதில் இருந்தது.

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4

பனை வரிச்சு பிளந்தேன். கை பழகிவிட்டது.

பிப்ரவரி 6, புதன்

வாயை அடைத்துவிட்டேன். தனியாக, இரண்டு நாளில். மேல்சட்டத்திலிருந்து உத்திரம்வரை சிறு கால்கள், அதில் வரிச்சு, நார்க் கட்டு, மண். அவர்கள் யாரும் கீழே இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தேன். ராசாங்கத்தின் வேலைக்கும் என் வேலைக்கும் வித்தியாசம் தெரியாது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன், ஒரு ஊசிக்கீற்று வெளிச்சம் அந்தப் பக்கம் போகவில்லை.

காற்றுக்கு ராசாங்கம் சொன்னது நினைவில்தான் இருக்கிறது. மேலே மூடி இருக்கிறதே, அதைத் திறந்து வைத்தால் போயிற்று. இரண்டு வீடு என்று ஆன பிறகு இரண்டு வீடாகத்தான் இருக்க வேண்டும்.

ஜானகி கேட்டாள், "ஆசாரி அடைக்க வேணாம்னு சொன்னாராமே?" என்று. அவளுக்கு யார் சொன்னது? செல்லமுத்துதான் சொல்லியிருப்பான். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது.

பிப்ரவரி 26, செவ்வாய்

சோளமும் வரகும் உள்ளே போட்டாயிற்று. மேற்கே மேகம் திரண்டது. மாசி மழை பிடித்தால் களத்திலேயே முளைத்துவிடும். இன்னும் இரண்டு வெயில் காயட்டும் என்றாள் ஜானகி. நல்லுசாமி களத்தில் கடைசிக் கூடையை நேற்றே தூக்கிவிட்டார்கள். நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

மழை வரவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நிலவறையில் என் பக்கம் சுவர் வேர்க்கிறது. கை வைத்தால் ஈரம். ஒரு புளித்த வாடை வேறு. எலித் தொல்லைக்குப் பயந்து மூடியை எப்போதும் போட்டே வைக்கிறாள் ஜானகி. திறந்து வை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் ஏன் அடைத்தீர்கள் என்று பேச்சு வரும். சொல்லவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

செல்லமுத்து செத்துப்போனான்.

ஏப்ரல் 11, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி நினைவு வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை செல்லமுத்து அவர்களுக்குக் கடலை மூட்டை ஏற்றிக் கொடுத்தான். உச்சிக்கு வந்து, என் பக்கம் மூடியைத் திறந்தான். ஜானகி இரண்டு கூடை சோளம் கேட்டிருந்தாள். மூடி திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. நான் கேட்டேன்.

"வெளக்கு எறக்குனியா?"

"காலையிலயே எறக்கிப் பாத்தாச்சு ஆண்டே. நல்லா எரிஞ்சுது."

நான் தலையாட்டினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

அவன் இறங்கினான். குதிர்ப்பக்கம் நடந்த சத்தம் கேட்டது. கூடை விழுந்த சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். அப்புறம்தான் விளக்கை இறக்கினேன். மூன்றாவது ஏணிக்கட்டை தாண்டவில்லை, கிள்ளிப் போட்டது மாதிரி அணைந்தது.

நல்லுசாமி என்று கத்தினேன். மூன்று மாதத்தில் அவன் பெயரை வாயால் சொன்னது அப்போதுதான். கால் பதறி நானும் ஏணியில் இரண்டு கட்டை இறங்கினேன். ஜானகி பின்னாலிருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்து மேலே போட்டுவிட்டாள். நல்லுசாமி அவன் பக்கப் படியில் இறங்கி, கடப்பாரையால் சுவரை இடிக்கும் சத்தம் கேட்டது. முதலில் மேலே இடித்தான். நான் அடைத்த இடம். பிறகு இரண்டு காலுக்கு நடுவே கீழே. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவன்தான் இழுத்து வந்தான். கொல்லை வாசலில் கிடத்தினோம். நெஞ்சு சூடாக இருந்தது. அது சூடாக இருந்ததை வைத்துக்கொண்டு வெகுநேரம் விசிறினோம். அரியலூர் ஆஸ்பத்திரிக்கு என்று வண்டி பூட்டி, பிறகு மாட்டை அவிழ்த்துவிட்டோம்.

அந்தப் பக்கம் நான் எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. அவர்கள் வாசல் வழியாக இரண்டு முறை ஓடினேன் என்கிறாள் ஜானகி.

காலையில் அவன் விளக்கு இறக்கியது அவர்கள் படித்தலையில். காற்றுத் துளை இருக்கிற பக்கம். அங்கே விளக்கு எரியாமல் என்ன செய்யும்?

ஏப்ரல் 12, வெள்ளி

கிராம முன்சீப்பும் ஒரு போலீஸ்காரரும் விசாரித்த கதையை நேற்று எழுதவில்லை. புதன்கிழமையே வந்து போய்விட்டார்கள். நல்லுசாமி பேசினான். ஆசாரி சுவருக்கு மேலே காற்றுக்கு வாய் விடாமல் மூடிவிட்டான், யாரும் கவனிக்கவில்லை என்றான். என்னை ஒரு முறை பார்த்தான். அதன்பின் பார்க்கவில்லை. மேல்பகுதி முழுக்க அவன் கடப்பாரையில் இடிந்து கிடந்தது. வாய் இருந்ததா இல்லையா என்று இனி எவன் சொல்ல முடியும்?

முன்சீப் என்னிடம் கேட்டார், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று. எனக்குத் தொண்டை அடைத்தது என்று எழுதலாம். அடைக்கவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. பேசவில்லை.

தற்செயல் மரணம் என்று எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார் முன்சீப்.

ஏப்ரல் 14

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டை வழியாகத் தெரிகிறது. அவன் பக்கத்துத் தூண் தெரிகிறது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

ராசாங்கம் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேராக நிலவறைக்கு இறங்கிவிட்டு, இடிபாட்டிலிருந்து ஒரு வரிச்சுத் துண்டை எடுத்து வந்தான். அதில் நார் இன்னும் கட்டியபடியே இருந்தது.

"இதப் பாருங்க. நான் முறுக்கி, நுனிய உள்ள சொருவுவேன். முடிச்சு போடமாட்டேன். எங்கப்பாவும் போடமாட்டாரு. இது முடிச்சு."

நான் பார்த்தேன். முடிச்சுதான். என் முடிச்சு. மாட்டுக்கயிறு கட்டுகிற முடிச்சு.

"திருமானூர்ல ஒரு வூட்டு வேல பேசியிருந்தேங்க. வேணாம்னு ஆள் வுட்டுச் சொல்லிட்டாங்க. ஆளக் கொன்ன ஆசாரியாம்."

யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். இதைக் கேட்டது நான். எழுதவே கூசுகிறது, ஆனால் கேட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. ஒங்களுக்குத் தெரியும்ல, அது போதும்" என்றான். வரிச்சுத் துண்டை என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். வீசவில்லை. குனிந்து வைத்தான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நல்லுசாமியைக் களத்தில் பார்த்தேன். நானே போனேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"அடைச்சது நீங்கன்னு சொன்னா ஒங்களயில்ல கூட்டிட்டுப் போவானுங்க? அறுவத்தி மூணு வயசுல போலீஸ்காரன் பின்னாடி நடப்பீங்களா?"

"ஒன் பிச்சை எனக்கு வேணாம்."

"அப்ப தூணும் வேணாம்னு சொல்லுங்களேன்" என்றான். சொன்னதும் அவனுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்:

"நீங்க அடைச்ச மறுநாளே பாத்தேண்ணே. எடுங்கன்னு சொல்ல வாய் வரல. கெழவன் கோவத்துல புழுங்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் எட்டு வயதில் மண் கூடை எண்ணிய முகம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதற்காக அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று இல்லை. கோடு தவறியது தவறியதுதான்.

ஆனால் அவன் தயவில் நான் நல்லவனாக இருக்க முடியாது. என் தப்பு எனக்குச் சொந்தம். அதைப் பாகம் போட்டு ஒரு ஆசாரி தலையில் வைக்க இவன் யார்?

ஏப்ரல் 24, புதன்

செல்லமுத்துவின் பெண்டாட்டி பொன்னாயி குடியிருக்கும் தெருவுக்குப் போனேன். எனக்கு விவரம் தெரிந்து எங்கள் ஆட்கள் யாரும் அந்தத் தெருவுக்குள் நடந்ததில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் எழவில்லை. முறத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். சுவருக்கு மேலே வாய் இருந்தது, ஆசாரி விட்டது. அடைத்தவன் நான். விளக்கு எங்கே இறக்கினாய் என்று கேட்காமல் ஏணியைப் பிடித்தவனும் நான்.

அவள் புடைப்பதை நிறுத்தினாள்.

"ரெண்டு வூடு ரெண்டு வூடுன்னு சொல்லித்தான் ஆண்டே அந்த மனுசன ரெண்டு பக்கமும் வேல வாங்குனீங்க. வெளக்கு மட்டும் ஒண்ணு போதும்னு எப்புடித் தோணுச்சு?"

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும் அதைத்தான் நினைக்கிறேன். நாற்பது வருஷம் ஒரே நிலவறையாக இருந்தது. ஒரு விளக்கு எரிந்தால் போதும். அன்றைக்கு அவனுக்கும் அதுதான் தோன்றியது, எனக்கும் அதுதான் தோன்றியது. ஜனவரியிலிருந்து இது வேறு அது வேறு என்று கத்திக்கொண்டிருந்தவன் நான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பாகம் பிரித்த அதே ஐந்து பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன். வரிச்சுத் துண்டையும் காட்டினேன். அவர்களில் பெரியசாமிப் பிள்ளை, எழுதி முடித்ததை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, பண்ணையாள்தானே, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வழி செய்தால் சரியாகிவிடும் என்றார். அவரைப் பார்த்தேன். இந்த வாக்கியத்தை நான் முன்பு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

முன்சீப்பிடம் நானே எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். நல்லுசாமி என் கையைப் பிடித்தான். உதறிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே உதறிவிட்டேன் போலிருக்கிறது. அவன் தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டான். வாசல் தூண், மரத்தூண். யாரும் சிரிக்கவில்லை.

பொன்னாயி வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள். முடிந்ததும் போய்விட்டாள். ராசாங்கம் வரவில்லை. வரச் சொல்லி ஆள் அனுப்பியது என் தப்பு. நானே போயிருக்க வேண்டும்.

ஏப்ரல் 30

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். முன்சீப் படித்துவிட்டு மடித்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார். என்ன வருமோ வரட்டும்.

ஜானகி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மாசியில் நான் சொன்னதைக் கேட்டுச் சோளத்தை இன்னும் காய வைத்திருந்தால் என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள். கேட்டிருக்க வேண்டும்.

மே 5, ஞாயிறு

இனி ஆக வேண்டியதை எழுதி வைக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த நோட்டைப் பார்த்துச் செய்யவும்.

இடிந்தும் இடியாமலும் நிற்கிற சட்டத்தைக் கழற்ற வேண்டும். ராசாங்கம்தான் கழற்ற வேண்டும், வேறு எவன் கையும் அதில் படக் கூடாது. வருவானா தெரியாது. வரதராஜன்பேட்டைக்குப் போய் அவன் வாசலில் நின்று கேட்க வேண்டியது நான். ஆளைக் கொன்றவன் ஆசாரி இல்லை என்பதைத் திருமானூர் வீட்டாரிடம் சொல்ல வேண்டியதும் நானே, நேரில்.

புதுச் சுவர் தூணிலிருந்து தூணுக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நல்லுசாமி ஒத்துக்கொண்டான். ஆனால் மார்பு உயரத்துக்கு மேல் சுவர் போகக் கூடாது. அவர்கள் என்ன பேசினாலும் என் பக்கம் கேட்கட்டும். சுவர் உயராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நாங்கள் இருவரும்.

என் பக்கம் புதிதாக ஒரு காற்றுத் துளை, தெற்குப் பக்கம், பாறையில். வெளியிலிருந்து குடைய வேண்டும். அதை நான் குடைகிறேன். மெதுவாக ஆகும். பரவாயில்லை.

கிழக்குக் கொல்லையில் ஒரு காணியைப் பொன்னாயி பேருக்கு எழுத வேண்டும். உடையார்பாளையம் ரிஜிஸ்தர் ஆபீசில் என் கையெழுத்தும் நல்லுசாமி கையெழுத்தும் விழ வேண்டும். பண்ணையாள் இரண்டு வீட்டுக்கும் பொது. பத்திரத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது ஜெயலட்சுமி. அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பொன்னாயி வாங்காமல் திருப்பிவிட்டால் மறுபடி கொண்டுபோக வேண்டும். நன்றி எதிர்பார்க்கக் கூடாது. பொன்னாயி இதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

வரிச்சுத் துண்டு சாமி மாடத்தில் இருக்கிறது. எடுக்கக் கூடாது. யாரும்.

விளக்கு இனி இரண்டு. அந்தப் பக்கம் இறக்க வேண்டியது நல்லுசாமி. இந்தப் பக்கம் இறக்க வேண்டியது நான். எரிந்தாலும் முதலில் இறங்க வேண்டியவன் நான், எனக்கு முன்னால் எந்த ஆளும் அந்த ஏணியில் கால் வைக்கக் கூடாது. என்னால் ஏணி இறங்க முடியாமல் போகிற நாளில் அந்த மூடியை நிரந்தரமாக அடைத்துவிட வேண்டியது ஜானகி. அதற்குள் ஆணி கிடைக்கத் தொடங்கியிருக்கும்.